பிலாத்துவின் கேள்வி



இந்த வாரத் தியானத்திற்கு லூக்கா 23-ஆம் அதிகாரம் 6 முதல் 12 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்வோம். பெரிய வெள்ளி ஆராதனைகளில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி இது. ஆண்டவரைப் பிலாத்துவின் முன் நிறுத்தியிருக்கிறார்கள். பிலாத்து விசாரித்து, இவரிடத்தில் குற்றமொன்றும் இல்லை என்று நான்காம் வசனத்திலேயே அறிவித்துவிட்டான். அதன்பின் ஒரு நியாயாதிபதி செய்யவேண்டியது விடுதலை செய்வது மட்டுமே. ஆனால் கூட்டத்தாரின் கூச்சலுக்கு நடுவே ‘கலிலேயா’ என்ற சொல் அவன் காதில் விழுகிறது. உடனே, இவர் கலிலேயரா என்று விசாரிக்கிறான். ஆம் என்று தெரிகிறது. கலிலேயா ஏரோதுவின் அதிகாரத்துக்கு உட்பட்ட நாடு. ஏரோதுவும் அந்நாட்களில் எருசலேமில் தங்கியிருக்கிறான். பிலாத்துவுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆண்டவர் ஏரோதுவிடம் அனுப்பப்படுகிறார்.

ஏரோது பல கேள்விகளைக் கேட்கிறான், பதில் இல்லை. பரியாசம் செய்து, பகட்டான வஸ்திரம் உடுத்தி, மறுபடியும் பிலாத்துவிடமே திருப்பி அனுப்புகிறான். அதுவரை பகைவர்களாயிருந்த அந்த இரு ஆளுகைக்காரரும் அன்று நண்பர்களாகிவிட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அந்த நட்பு எதன்மேல் கட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஒரு நிரபராதியை ஒருவர் மற்றவரிடம் தள்ளிவிட்டதன்மேல் கட்டப்பட்டது.

பிலாத்துவின் கேள்வி சட்டப்படி பிழையானதன்று. ஆளுகைகளுக்கு எல்லை உண்டு; யாருடைய வழக்கை யார் விசாரிப்பது என்பதற்கு முறை வேண்டும். ஆனால் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டது நீதி செய்வதற்காக அன்று; நீதி செய்யவேண்டிய கடமையிலிருந்து நழுவுவதற்காக. இந்த நழுவலைத்தான் இன்றைய அரசுகள், புகலிடம் தேடி வரும் மனிதரிடத்தில், ஒரு முழுச் சட்டமுறையாகவே ஆக்கி வைத்திருக்கின்றன. அதைக் கண்டும் திருச்சபை வாய் திறவாதிருப்பது தகாது என்பதே இந்த வாரம் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் வாதம்.

ஐரோப்பாவின் முறை

1990 ஜூன் மாதம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1997-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2003-இலும் 2013-இலும் திருத்தி எழுதப்பட்டது. 2024-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. புகலிடம் கேட்டு வருகிற ஒருவருடைய மனுவை ஒரே ஒரு நாடுதான் விசாரிக்கும். அந்த நாடு எது என்பதை அவர் தேர்ந்துகொள்ள முடியாது. நெருங்கிய குடும்பத்தார் எந்த நாட்டில் இருக்கிறார்கள், எந்த நாடு அவருக்கு விசா கொடுத்தது, அனுமதியின்றி அவர் முதலில் எந்த எல்லையைக் கடந்தார், எங்கே முதலில் மனு கொடுத்தார் என்று வரிசையாகப் பார்த்து முடிவு செய்வார்கள். அவருடைய கைரேகைகள் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். இத்தாலியில் கரையேறிய ஒருவர் சுவிட்சர்லாந்தில் இருக்கும் மாமனைத் தேடிச் சென்றால், பதிவேடு அவரைக் காட்டிக்கொடுக்கும். மாமன் என்ற உறவு அந்தச் சட்டத்தில் பொதுவாக எண்ணப்படுவதில்லை. அவர் இத்தாலிக்கே திருப்பி அனுப்பப்படலாம். பொறுப்புள்ள நாடு எது என்று தீர்மானிக்க மாதங்கள் கழியும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த நாடு ஏற்றுக்கொண்டபின் ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் பொறுப்பு அனுப்பவேண்டிய நாட்டின்மேலேயே விழும். ஆள் தலைமறைவானால் அந்தக் காலம் பதினெட்டு மாதம்வரை நீளும். இத்தனை காலமும், அவருக்கு வந்த ஆபத்து என்ன என்ற கேள்வியை ஒருவரும் தொடமாட்டார்கள்.

இந்த முறைக்கு ஒரு நல்ல நோக்கமும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. அதற்கு முன் புகலிடம் கேட்டவர்கள் ஒவ்வொரு நாட்டாலும் அடுத்த நாட்டுக்குத் தள்ளப்பட்டு, எவராலும் விசாரிக்கப்படாமல் அலைந்தார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் விசாரித்தாகவேண்டும் என்பதற்காகவே பொறுப்பைத் தீர்மானிக்கும் விதி எழுதப்பட்டது. ஆனால் விதியை எழுதிய கைகளே அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டன. ‘இவரை விசாரிக்கவேண்டியது யார்’ என்று கண்டறிய எழுதப்பட்ட விதி, ‘இவரை நான் விசாரிக்கவேண்டியதில்லை’ என்று நிரூபிக்கும் விதியாயிற்று.

இதன் விளைவை முதன்முதலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் ஒருவர், இலங்கைத் தமிழர். அவர் ஜெர்மனியில் புகலிடம் கேட்டு மறுக்கப்பட்டார். பின்பு பிரிட்டன் சென்று கேட்டார். பிரிட்டன், டப்ளின் உடன்படிக்கையைக் காட்டி, அவருடைய வழக்கின் உட்பொருளை ஆராயாமல் ஜெர்மனிக்கே அனுப்பத் தீர்மானித்தது. சிக்கல் எங்கே என்றால், அரசு அல்லாத ஆயுத இயக்கத்தால் வரும் கொடுமையை அன்றைய ஜெர்மானியச் சட்டம் புகலிடத்துக்குரிய காரணமாக ஏற்கவில்லை. பிரிட்டனின் சட்டம் ஏற்றது. ஒரே மனிதர், ஒரே காயம், ஒரு நாட்டின் கண்ணில் அகதி, மற்றொரு நாட்டின் கண்ணில் அகதி அல்லர். 2000 மார்ச் 7 அன்று நீதிமன்றம், ஜெர்மனியில் வேறு பாதுகாப்புகள் உண்டு என்று கருதி அவருடைய முறையீட்டை ஏற்கவில்லை. எனினும் அத்தீர்ப்பில் ஒரு கோட்பாட்டை நிலைநாட்டியது: நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, ஒருவரைக் கொடுமைக்கு அனுப்பாதிருக்கவேண்டிய கடமையிலிருந்து எந்த நாட்டையும் விடுவிக்காது. 2011-இல் அதே நீதிமன்றம், ஆப்கானியர் ஒருவரைக் கிரீஸ் நாட்டுக்கு அனுப்பிய பெல்ஜியத்தைக் குற்றவாளியாகத் தீர்த்தது. கைமாற்றி விடுவதால் கை சுத்தமாவதில்லை என்று உலக நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. வேதத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் அதற்குக் குறைவாகச் சொல்லலாமா?

நம் கரையிலிருந்து போன படகுகள்

இதெல்லாம் ஐரோப்பாவின் விவகாரம், ராசிபுரத்தில் உட்கார்ந்து நாம் ஏன் இதைப் பேசவேண்டும் என்று கேட்பீர்கள். பேசவேண்டிய காரணம் நம் கடற்கரையிலிருந்தே புறப்படுகிறது.

2014 ஜூன் மாதம் புதுச்சேரிக் கரையிலிருந்து ஒரு படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் 157 இலங்கைத் தமிழர். பெண்களும் பல குழந்தைகளும் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஜூன் 29 அன்று ஆஸ்திரேலியக் காவற்கப்பல் அவர்களை மறித்து ஏற்றிக்கொண்டது. இவர்களை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடுவது என்று அந்நாட்டு அரசு முடிவெடுத்தது. கப்பல் இந்தியாவை நோக்கி வந்தது. ஏற்பாடு நிறைவேறாமல் கடலிலேயே நாட்கணக்கில் நின்றது. ஏறத்தாழ ஒரு மாதம் அந்த மக்கள் கப்பலுக்குள் அடைபட்டுக் கிடந்தபின், கோகோஸ் தீவுகள் வழியாக ஆஸ்திரேலிய நிலப்பரப்புக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கிருந்து நவ்ரு என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களைக் கடலில் அடைத்து வைத்தது சட்டப்படி செல்லும் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்.

ஏழாண்டு கழித்து, 2021 அக்டோபரில், கனடா செல்லவென்று தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்ட மற்றொரு படகு இந்தியப் பெருங்கடலில் ஆபத்துக்குள்ளானது. அதிலிருந்த 89 இலங்கைத் தமிழரைப் பிரிட்டன் மீட்டு, தியேகோ கார்சியா தீவில் இறக்கியது. அது பிரிட்டனின் ஆளுகைக்குட்பட்ட தீவு. அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் இடம். அதன் பூர்வ குடிகள் அரை நூற்றாண்டுக்கு முன்னமே வெளியேற்றப்பட்டவர்கள். அங்கே புகலிடம் கேட்டவர்களுக்குப் பிரிட்டன் சொன்ன பதில், எங்கள் அகதிச் சட்டம் இந்தத் தீவுக்குப் பொருந்தாது என்பது. தீவு எங்களுடையது, ஆனால் சட்டம் அங்கே இல்லை! வேலியிட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டுகள் கடந்தன. நோயுற்றவர் சிலரை மருத்துவத்துக்காக ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். 2024 டிசம்பரில்தான் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதே மாதம், அந்த மூன்றாண்டுத் தடுப்புக்காவல் சட்டவிரோதமானது என்று அந்த ஆட்புலத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இலங்கையில் பிறந்தவர், இந்தியாவில் படகேறி, கனடாவை நோக்கிச் சென்று, பிரிட்டனின் தீவில் அடைபட்டு, ருவாண்டாவில் வைத்தியம் பார்க்கப்பட்டிருக்கிறார். ஐந்து நாடுகளின் பெயர் அவருடைய கதையில் வருகிறது. ‘இவர் எங்கள் பொறுப்பு’ என்று மனமுவந்து சொன்ன நாடு ஒன்றுகூட இல்லை. பிலாத்துவுக்கும் ஏரோதுவுக்கும் இடையே அன்று எருசலேமின் சில தெருக்கள்தான் இருந்தன. இன்று ஒரு பெருங்கடலே இருக்கிறது.

இதற்கு நேர்மாறான காலமும் ஒன்று இருந்தது. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் அவர்களைக் கண்டு தம் படகில் ஏற்றிக்கொண்டார். எங்கிருந்து வந்தீர்கள் என்ற விசாரணை பின்னரே எழுந்தது. இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னது பொய் என்றும், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்றும் தெரியவந்தது. கனடாவில் பலர் கோபங்கொண்டார்கள். ஆயினும் அரசு அவர்களை ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பவில்லை. தங்கவும் பிழைக்கவும் அனுமதித்தது. அதே கனடா, அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை 2004 இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, நீ முதலில் சேர்ந்த நாட்டிலேயே கேள் என்று நிலவழி எல்லைச் சாவடிகளில் வருவோரைத் திருப்பியனுப்பத் தொடங்கியது. 2023 மார்ச்சில் அந்த விதியை நிலவழி எல்லை முழுவதற்கும் விரித்தது. தேசங்களின் இருதயம் எவ்வளவு விரைவில் இறுகிப்போகிறது பாருங்கள்.

நம் வீட்டு வாசல்

இனி நம் வாசலுக்கு வருவோம். அந்நிய நாடுகளைக் கண்டிப்பது எளிது. ‘ஏன் இவர்கள் முதலில் வந்து சேர்ந்த நாட்டிலேயே இருக்கவில்லை’ என்று மேல்நாட்டவர் கேட்கும்போது, அந்த முதல் நாடு நாம்தான்.

1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தமிழகம் கைவிடவில்லை. கூரையும் அரிசியும் உதவித்தொகையும் கொடுத்தது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, முகாம்களில் 58,822 பேரும் முகாமுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். அதுமுதல் அம்முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றப்பட்டது; இடிந்த குடிசைகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டத் திட்டமிடப்பட்டது. நம் நாமக்கல் மாவட்டத்திலேயே பரமத்தியிலும் மேட்டுப்பட்டியிலும் இத்தகைய முகாம்கள் உண்டு. இந்த நன்மைகளை நன்றியோடு சொல்லவேண்டும்.

ஆனால் சோறு வேறு, உரிமை வேறு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்பவர் யார், அவருடைய மனுவை யார் விசாரிப்பது, விசாரித்தபின் அவருக்கு என்ன நிலை என்று சொல்லும் சட்டமே நம் நாட்டில் இல்லை. ஐரோப்பாவில் எந்த நாடு விசாரிப்பது என்று சண்டையிடுகிறார்கள். நம்மிடம் விசாரணையே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அந்நியர் மட்டுமே. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்காகத் தண்டனை இல்லை என்று விலக்களித்தது. அது நல்லதே; ஆயினும் அதனால் ஒருவரும் குடிமகனாகிவிடவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப்பின் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகியது. ஆகவே, திருச்செங்கோட்டுத் தேரையும் கொல்லிமலையையும் தவிர வேறொன்றையும் அறியாத பிள்ளை, கண்டிராத ஒரு தீவின் அந்நியனாக நம் நடுவே வளர்கிறது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. தண்டனைக்காலத்தை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர், தாயகத்துக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று முறையிட்டார். உலகெங்குமிருந்து வருவோரை ஏற்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றும், வேறு நாட்டுக்குப் போகலாமே என்றும் நீதிபதி வாய்மொழியாகக் குறிப்பிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. மனு தள்ளுபடியானது. நீதிமன்றத்தை நான் மதிக்கிறேன்; அந்த மனுதாரர் குற்றத்தீர்ப்புப் பெற்றவர் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் நாடு, ‘வேறு நாட்டுக்குப் போ’ என்கிறது. வேறு நாட்டுக்குப் போனால், ‘முதல் நாட்டிலேயே இருந்திருக்கவேண்டும்’ என்கிறார்கள். இரண்டும் தனித்தனியே கேட்டால் நியாயம்போலத் தொனிக்கும். சேர்த்துக் கேட்டால், அந்த மனிதன் நிற்பதற்குக் கடலைத் தவிர வேறு இடம் இல்லை. மேலும், சத்திரத்தில் இடமில்லை என்ற பதில் கிறிஸ்தவனுடைய காதில் எப்படி விழவேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நம் பிள்ளைகள் அதை நாடகமாக நடிக்கிறார்கள்.

வேதம் வைத்திருக்கும் அளவுகோல்

வேதம் இந்தக் கேள்வியைப் பற்றி மௌனமாயிருக்கிறது என்று எண்ணாதீர்கள். எந்த ஊர் பொறுப்பு என்று தீர்மானிக்கும் சட்டம் அதில் இருக்கிறது.

உபாகமம் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெளியிலே ஒரு பிணம் கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியாது. மூப்பரும் நியாயாதிபதிகளும் வந்து, சுற்றிலும் உள்ள ஊர்கள்வரை தூரத்தை அளக்கவேண்டும். எந்த ஊர் மிகவும் அருகில் இருக்கிறதோ அந்த ஊரின் மூப்பர் ஒரு கிடாரியைக் கொண்டுபோய், அதன்மேல் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை என்று தேவசமுகத்தில் அறிக்கையிடவேண்டும். இதில் மூன்று காரியங்கள் உண்டு. அளப்பது தப்பித்துக்கொள்ள அல்ல, பதில்சொல்லவேண்டியவரைக் கண்டுபிடிக்க. அளந்தபின், எங்களுக்கு முடியாது என்று சொல்ல எந்த ஊருக்கும் அனுமதியில்லை. கடைசியாக, அந்த மனிதன் அந்த ஊரானா அயலூரானா என்று ஒருவரும் கேட்பதில்லை. அருகில் இருப்பதே பொறுப்பு. பிலாத்துவும் பின்னர் கை கழுவினான். மூப்பர் கடமையைச் செய்து கழுவினார்கள். அவன் கடமையை விட்டுவிட்டுக் கழுவினான்.

அடைக்கலப்பட்டணங்களைக் குறித்து யோசுவா 20-ஆம் அதிகாரம் சொல்கிறது. யோர்தானுக்கு இப்புறத்தில் மூன்று, அப்புறத்தில் மூன்று. கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் ஓடிவந்து பட்டணத்து வாசலில் நின்று தன் காரியத்தைச் சொல்லுவான். மூப்பர் அதைக் கேட்டு, அவனை உள்ளே சேர்த்து, தங்க இடம் கொடுக்கவேண்டும். முழு விசாரணை அதற்குப் பின்பு. அந்தப் பட்டணங்கள் இஸ்ரவேலருக்கு மட்டுமல்ல, அவர்கள் நடுவே தங்கும் பரதேசிக்கும் உரியவை. அங்கே போய்ச்சேரும் வழிகளை ஆயத்தப்படுத்தும் கடமையும் ஜனங்களுக்கு உண்டு என்று உபாகமம் 19 கூறுகிறது. வழியை அடைக்கும்படி அன்று, திறக்கும்படியே கட்டளை. அவன் அங்கே தங்கியிருப்பதற்கும் ஒரு முடிவு உண்டு. பிரதான ஆசாரியன் மரித்தபின் அவன் தன் ஊருக்குத் திரும்பலாம். கையில் இரத்தம் பட்டவனுக்கே இத்தனை ஏற்பாடு என்றால், குண்டுவீச்சுக்குத் தப்பி வந்தவளுக்கும் அவள் இடுப்பிலிருக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு அதிகமாயிருக்கவேண்டும்! நம் முகாம்களில் நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் காத்திருப்புக்கு முடிவு நாள் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

உபாகமம் 23-ஆம் அதிகாரம் 15, 16 வசனங்களையும் வாசியுங்கள். எஜமானுக்குத் தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கக்கூடாது என்பது மட்டுமல்ல. உன் பட்டணங்களில் அவன் எதை விரும்புகிறானோ அதிலே வாழட்டும் என்பதும் கட்டளை. நாட்டைத் தேர்ந்தெடுக்க இவர்கள் யார் என்று ஏளனமாகக் கேட்கிறவர்கள், இந்த வசனத்தை என்ன செய்யப் போகிறார்கள்?

எதிர்வாதங்கள்

ரோமர் 13 அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே என்பீர்கள். ஆம். ஆனால் அதே பகுதி அதிகாரியை, நன்மை உண்டாகும்படி வைக்கப்பட்ட தேவ ஊழியக்காரன் என்றும் அழைக்கிறது. ஊழியக்காரன் எஜமானுடைய சித்தத்தைத் தவறினால் அதைச் சொல்லிக்காட்டுவது கலகம் அன்று. நாத்தான் தாவீதிடம் போனது கலகம் அன்று.

நம் ஜனத்தொகையே 140 கோடி, நம்மால் எத்தனை பேரைத் தாங்கமுடியும் என்பீர்கள். அவ்வாதம் முகாம்களில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் இனி வரப்போகிறவர்கள் அல்லர். நாற்பது ஆண்டாக நம்மோடு இருக்கிறவர்கள். முகாம்களில் இருக்கும் அனைவரையும் சேர்த்தாலும் ராசிபுரம் போன்ற ஒரு நகராட்சியின் அளவே. அவர்களை நாம் ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்கப்படுவது நிலம் அன்று, ஒரு கையெழுத்து. தாயகம் திரும்ப விரும்புவோரும் அவர்களில் உண்டு. அவர்களுக்கும் பாதுகாப்பான திரும்புதலை உறுதிசெய்யும் கையெழுத்தே தேவை.

இவர்களில் பொய் சொல்கிறவர்களும் பிழைப்பைத் தேடிப் போகிறவர்களும் உண்டு என்பீர்கள். இருக்கலாம். 1986-இல் படகில் வந்தவர்களும் பொய் சொன்னார்கள். பொய்யையும் மெய்யையும் பிரித்தறிய விசாரணைதான் வழி. விசாரிக்காமலே தள்ளிவிடுவதற்கு, விசாரித்தால் பொய் வெளிப்படலாம் என்பது ஒருபோதும் காரணமாகாது.

எல்லைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாடுகள் சுமையைப் பகிர்ந்துகொள்ளட்டும். அதற்கு விதி எழுதட்டும். ஆனால் வாசலில் நிற்பவனுடைய காரியத்தை முதலில் கேட்கவேண்டும். வேறு இடத்துக்கு அனுப்பினால், அங்கே அவன் கேட்கப்படுவான் என்றும் கொடுமைக்குக் கையளிக்கப்படமாட்டான் என்றும் நிச்சயம் செய்துகொள்ளவேண்டும். காத்திருப்புக்கு ஒரு முடிவு வைக்கவேண்டும். இம்மூன்றும் இல்லாத எந்த ஏற்பாடும், அது டப்ளினில் எழுதப்பட்டாலும் புதுதில்லியில் எழுதப்பட்டாலும், பிலாத்துவின் ஏற்பாடே.

நாம் செய்யவேண்டியது

சபையாரே, கிறிஸ்துமஸ் காலத்தில் முகாமுக்கு பிரியாணிப் பொட்டலமும் போர்வையும் கொண்டுபோய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதா? பொட்டலம் ஒரு வேளைக்கு. நான் கேட்பது வேறு. உங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். முகாமில் 1987-க்கு முன் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க உதவுங்கள். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், மேற்படிப்பில் இடம் தேடும் முகாம் பிள்ளைக்கு வழி காட்டுங்கள். தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். முகாம் என்ற காரணத்தால் வேலையும் கூலியும் குறையவேண்டாம். கடல்வழியாகக் கொண்டுபோய் விடுகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்டுகளைப் பற்றி அவர்களை எச்சரியுங்கள். எச்சரிப்பதோடு நில்லாமல், அந்த ஏஜென்டைத் தேடிப்போகவேண்டிய நிலைமையையும் மாற்ற முயலுங்கள். நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: நெடுங்காலமாய் இங்கு வாழும் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமைக்கு வழி வேண்டும், இந்நாட்டுக்கு ஓர் அகதிச் சட்டம் வேண்டும் என்று. அகதிகளை இழிவுபடுத்தும் வாட்ஸப் செய்தி உங்கள் கைக்கு வந்தால், அது உங்களோடு நின்றுபோகட்டும்.

நம்முடைய இரட்சகர் கைக்குழந்தையாயிருந்தபோதே இராத்திரியில் எல்லை கடந்து எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தில், எகிப்தியர் யோசேப்பைத் தடுத்து நிறுத்தியதாகவோ திருப்பி அனுப்பியதாகவோ ஒரு வரியும் இல்லை. அவரே 25-ஆம் அதிகாரத்தில், நியாயத்தீர்ப்பின் நாளில், அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்று நம்மைக் கேட்கப்போகிறார். அவன் எந்த நாட்டின் பொறுப்பு என்ற விளக்கத்தை அவர் கேட்கமாட்டார்.

ஜெபம்: அடைக்கலமான தேவனே, கடலில் நிற்கிறவர்களையும் முகாமில் காத்திருக்கிறவர்களையும் நினைத்தருளும். ஆளுகிறவர்களுக்கு நீதியான இருதயத்தைத் தாரும். பரமத்திக்கும் மேட்டுப்பட்டிக்கும் போகும் வழியை எங்கள் கால்களுக்குப் பழக்கப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.